சாம்பிள் பாய் அனுப்பும் நூறு ரூபாய்

உளுந்தூர்பேட்டை சாம்பிள் பாய் சாம்பிள் பார்க்காமல் நம்பியது ஆண்டவனை மட்டும்தான். மற்ற எல்லாமே அவருக்கு முதலில் கொஞ்சம், அப்புறம்தான் முழுசு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருடைய சூட்கேஸ் கடை. ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். பெட்டி வாங்க ஆள் வந்தால், அதன் மேல் தானே ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் விற்பார். கள்ளக்குறிச்சிக்குப் போக பஸ் ஏறினால் எலவனாசூர்கோட்டைக்கு மட்டும் டிக்கெட் எடுப்பார். அதுவரை டிரைவர் ஓட்டும் லட்சணம் பிடித்திருந்தால்தான் மிச்ச தூரத்துக்கு டிக்கெட். இல்லையென்றால் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

ஒருமுறை வேன் பிடித்து எங்களோடு கல்வராயன் மலை அருவிக்கு வந்தார். ஒரே ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தும்மல் வருகிறதா என்று பார்க்கப் பாறை மேல் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் குளித்தோம், சாப்பிட்டோம், ஒரு தூக்கமும் போட்டோம். "தும்மல் வரல தம்பி, இப்ப குளிக்கலாம்" என்று அவர் சட்டையைக் கழற்றியபோது டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வழியெல்லாம் பாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். அதனால் அங்கிருந்து காசு அனுப்பும் யோசனையும் அவரிடம்தான் கேட்பார்கள். கடை திறந்ததும் டாலர் ரேட்டைப் பார்த்து, "இன்னிக்குக் கம்மி, பொறுங்க" என்று தெருவுக்கே அறிவிப்பார். கமிஷன், சார்ஜ் என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் அவருக்கு வயிறு எரியும். எவனோ பணம் அனுப்ப ஐந்நூறு ரூபாய் சார்ஜ் கட்டிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று மதியம் அவர் பிரியாணியைத் தொடவில்லை. கட்டியவன் நன்றாகச் சாப்பிட்டான்.

அப்படிப்பட்டவரிடம் எங்கள் வீட்டு விவகாரம் போய்ச் சேர்ந்தது. களமருதூரில், விளைச்சலில் பங்கு கொடுத்து அப்பா வாரத்துக்கு உழுதுவந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் விற்கப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணம் கொடுத்தால் எங்களுக்கு, இல்லாவிட்டால் பிளாட் போடுகிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டார். அண்ணன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அதற்குச் சரியாக இருந்தது. திங்கட்கிழமை போன் செய்தான்.

"இங்க ஒரு ஏஜென்ட் இருக்காருடா. பேங்க்கவிட டாலருக்கு ஒரு ரூபா ஜாஸ்தி தர்றாரு. சார்ஜும் கெடையாது."

அந்த ஒரு ரூபாய் மிச்சத்தில் கிணற்றுக்கு மோட்டார் போட்டுவிடலாம் என்று மனக்கணக்கில் நான் தண்ணீரே பாய்ச்சிவிட்டேன். பாய் குறுக்கே வந்தார்.

"நூறு டாலர் சாம்பிள் அனுப்பச் சொல்லு."

"வெள்ளிக்கிழமை பத்திரம் பாய். நேரம் இல்ல."

"அதான் இன்னிக்கே அனுப்பச் சொல்றேன்."

டீ ஆறுவதற்குள் என் கணக்கில் பணம் விழுந்தது. நான் குதிக்காத குறை. பாய் நடையை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, இவ்ளோ சீக்கிரம் வந்துடுச்சு?"

"சீக்கிரம் வந்தா அதுவும் தப்பா பாய்?"

போனைப் பிடுங்கி, பணம் போட்டவர் பெயரைப் படித்தார். வடக்கே எங்கோ இருக்கிற, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள். அண்ணனைக் கூப்பிட்டார்.

"காசு குடுத்தது நீ. வாங்கிக்கினது ஒன் தம்பி. நடுவுல காசு போட்டானே, இவன் யாருப்பா?"

"தெரியல பாய். ஏஜென்ட்டோட ஆளா இருக்கும்."

"ஆளு தெரியல, அவனுக்குக் காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் தெரியல. வாணாம். பேங்க்லயே போடு."

"டாலருக்கு ஒரு ரூபா போவுதே பாய்" என்றேன். அழுகை வராத குறை.

"போவட்டும்."

காசு விஷயத்தில் பாய் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன். அந்த ஆள் பணம் விழுந்த என் கணக்கும் வாணாம் என்று பாய் சொல்ல, வங்கி வழியாக அம்மா கணக்குக்கு அனுப்புவது என்று முடிவானது. அதற்கும் முதலில் ஒரு சாம்பிள். அது வந்து சேரவே புதன்கிழமை ஆகிவிட்டது. அப்புறம்தான் முழுசு கிளம்பியது. வியாழன் முழுக்க நான் அம்மாவின் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாய் தெருவை அளந்தார். "சும்மாதான நடக்கறீங்க, இந்த டீயக் கொஞ்சம் செருப்புக் கடையில குடுத்துடுங்க" என்று டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினார். பாய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பவும் நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பணம் வந்தது. மதியம் பத்திரம் பதிவானது. தான் வாரத்துக்கு உழுத நிலத்துக்கு அப்பா சொந்தக்காரராகக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் மோட்டார் போச்சே என்று ஒரு மூலையில் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த மாதம் பணம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, பத்திரத்துக்கு முந்தின நாளே என் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று. அந்த வடக்கத்தி ஆளின் கணக்கில் இருந்தது யாரையோ ஏமாற்றிய பணமாம். அது போய்ச் சேர்ந்த கணக்கையெல்லாம் போலீஸ் நிறுத்தச் சொல்லியிருந்தது. ஒரு நூறு டாலருக்காக வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் மாதக்கணக்கில் அலைந்துதான் கணக்கைத் திறக்க வைத்தேன். அண்ணனின் மொத்தப் பணமும் அங்கே வந்து மாட்டியிருந்தால், இந்நேரம் எங்கள் நிலத்தில் பிளாட் போடுகிறவர்கள் கல் நட்டிருப்பார்கள்.

"நான்தான் சொன்னேனே" என்பார் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். பாய் தலையைச் சொறிந்தார்.

"எம்மேலதான் தப்பு தம்பி. அம்பது டாலர் அனுப்பச் சொல்லியிருக்கணும்."

இப்போது அவர் துபாயில் மகள் வீட்டில் இருக்கிறார். முதலில் ஒரு வாரம் சாம்பிளுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்து, அப்புறம்தான் கடையை மூடினார். அவ்வப்போது என் கணக்கில் நூறு ரூபாய் விழும். அதை அனுப்ப அதைவிட ஜாஸ்தியாகச் சார்ஜ் கட்டுகிறார், சார்ஜுக்காகப் பிரியாணியை விட்ட மனுஷன். பின்னாலேயே போன் வரும்.

"வந்துச்சா தம்பி?"

"சாம்பிள் வந்துடுச்சு பாய். முழுசா எப்ப வர்றீங்க?"

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும். இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

அந்த நூறு ரூபாய்களில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. அவர் வந்ததும் மறுபடி அருவிக்கு வேன் பிடிக்க வேண்டும். அவர் தும்மலுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி, குளித்து முடிக்கிறவரை வண்டியைக் கிளப்ப விடமாட்டேன்.