கதவைவிட உயரமானவர்கள்

பெட்டியைப் பிரித்து முதல் மனிதனை எடுத்தாள். அஞ்சலகத்தின் முன்னால் நிறுத்தினாள். கதவு அவன் கழுத்துவரைதான் வந்தது.

இன்னொருவனை நிறுத்திப் பார்த்தாள். அவனுக்கும் அதே கதைதான்.

நகராட்சிப் பூங்காவின் கூடத்தில், சுற்றுலா வருபவர்கள் பார்ப்பதற்காக, ஊரையே மேசைமேல் செய்து வைத்திருந்தாள். தெரு, தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம், எல்லாம் அளவெடுத்து அவளே செய்தவை. மனிதர்களை மட்டும் பூங்காக் கண்காணிப்பாளர் வெளியே செய்யக் கொடுத்திருந்தார். மதியம் நகராட்சித் தலைவர் வந்து திறந்துவைக்கிறார். அவருக்குப் பிடித்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

"சார், ஆளுங்க பெருசா இருக்காங்க."

"நான்தாம்மா கொஞ்சம் தாராளமா செய்யச் சொன்னேன். டிக்கெட் வாங்கி வர்றவங்க கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"

"இவங்க யாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள போக முடியாது சார்."

"எங்க போகப் போறாங்க? பொம்மைதானே. கதவுகிட்ட வைக்காம நடுத்தெருவுல வை."

நடுத்தெருவில் வைத்தாள். பேருந்தின் பக்கத்தில் நின்றவர்கள், ஏறுவதா தூக்கிக்கொண்டு போவதா என்று யோசிப்பதுபோல் இருந்தார்கள்.

அம்மா கைபேசியில் அழைத்தாள்.

"என்னடி, நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இன்னும் திறக்கவே இல்லம்மா. ஆளுங்க கதவைவிட உயரமா வந்துட்டாங்க."

"உங்கப்பாவும் அப்படித்தான். குனிஞ்சு போகச் சொல்லு."

அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"காலை அறுத்துடு" என்றார், அவர்களைப் பேருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த கண்காணிப்பாளர்.

அளந்து பார்த்தாள். முழங்காலோடு அறுத்தால் சரியாக இருக்கும். மெல்லிய ரம்பத்தால் ஒவ்வொருவராக அறுத்தாள். கடைசி ஆளை முடித்தபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. அறுத்தவர்களைத் தெருவில் ஒட்டினாள். உயரம் மிகச் சரி.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஊரே முட்டி போட்டு யார்கிட்டயோ மன்னிப்புக் கேக்குது!"

"நீங்கதானே சார் அறுக்கச் சொன்னீங்க?"

"அறுக்கத்தான் சொன்னேன். அசிங்கமா அறுக்கவா சொன்னேன்? இல்லாத காலை எப்படியாவது மறைச்சிடு."

மேசைமேல் ஓடும் ஆற்றுக்குத் தண்ணீராக ஊற்றியதுபோக, கண்ணாடிபோல் உறையும் பிசின் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைத் தெருக்களில் ஊற்றினாள். வெட்டுத் தெரியாமல் போனால் போதும், அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

பிசின் உறைந்தது. இப்போது யாருக்கும் கால் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி!" கண்காணிப்பாளர் தலையில் கைவைத்தார். "தலைவர் ஜெயிச்சதே வடிகால் கட்டித் தர்றேன்னு சொல்லித்தான். அவர் திறக்கிற ஊர்ல வெள்ளத்தை விட்டு வச்சிருக்கியே! எடு அதை!"

"உறைஞ்சுடுச்சு சார். எடுத்தா தெருவும் சேர்ந்து வந்துடும்."

வாசலில் கார் வந்து நின்றது.

தலைவர் நாடாவை வெட்டினார். மேசைமேல் குனிந்தார். ஒவ்வொரு தெருவாகப் பார்த்தார். தன் வீட்டுத் தெருவை மட்டும் இரண்டாம் முறை பார்த்தார்.  சட்டென்று நிமிர்ந்து வெளியே நடந்தார். கண்காணிப்பாளர் கும்பிட்ட கையை இறக்காமலேயே பின்னால் ஓடினார்.

அவள் ரம்பத்தைத் துடைத்துப் பையில் வைத்தாள். தூரிகைகளை எடுத்து வைத்தாள். அழுகைகூட வரவில்லை, உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

தலைவரின் கார் ஓட்டுநர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மேடம், ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷமா மழை வந்தா ஊர்ல இடுப்பளவு நிக்கிற தண்ணிய முழங்காலுக்கு இறக்கிக் காட்டின ஒரே ஆள் நீங்கதானாம். வேலை நிரந்தரம், நாளையிலேர்ந்து வடிகால் பிரிவுக்கு வந்துடச் சொன்னார்."