பதினான்காம் பெட்டியில் தலைகீழான கடல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், அவளுடைய முழங்கால் நீங்கலாக. அங்கே நீங்களும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

நேற்று போனில் மகள் சொன்னாள். "அப்பா, திங்கக்கிழமை இவர் பெரிய அதிகாரிங்க முன்னாடி பேசப் போறாரு. அடுத்த எண்ணெய்க் கிணறு கடல்ல எங்க தோண்டறதுன்னு இவர் சொல்றதுதான் முடிவு. எல்லாம் உங்க கிடங்குல பார்த்த கல்லை வச்சுத்தான்!" அவளுக்கு ஒரே பெருமை. நான் குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கல்லைத் தலைகீழாக வைத்தவன் நான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக என் கல் கிடங்குக்கு முதன்முதலில் வந்தீர்களே, அன்றைக்குத்தான். மேல்மாடி ஆய்வகத்தில் கல்லை மெலிதாகச் சீவிக் கொடுக்கும் வேலையில் இருந்த மகளுக்கு நான் வரன் தேடிக்கொண்டிருந்த சமயம். பையன் குழாயை ஒழுங்காக மூடுகிறானா என்று அடுத்த அறையில் கை கழுவிக்கொண்டிருந்த உங்களையே நோட்டம் விட்டபடி பதினான்காம் பெட்டியைத் தூக்கி வந்தேனா, கால் தடுக்கி, கடலுக்கடியிலிருந்து கம்பு கம்பாக வெட்டி எடுத்த கற்கள் அவ்வளவும் தரையில் உருண்டன, மானம் போகிறதே என்று அள்ளி அடுக்கி மேசையில் வைத்துவிட்டேன். எது மேல், எது கீழ் என்று தெரியத்தான் ஒவ்வொரு கல்லிலும் இரண்டு கோடு போடுகிறோம். நிமிர்த்திப் பிடித்தால் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் கறுப்பு. சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான், சிவப்பு இடப்பக்கம் இருந்தது ஞாபகம் வந்தது. மறுநாள் ஓடினேன். நீங்கள் பார்த்து முடித்து, பெட்டியை அலமாரியில் ஏற்றிவிட்டுப் போயிருந்தீர்கள். அன்றிலிருந்து நான் அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை.

கல்லோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கும் நாலு விஷயம் தெரியும். அடியில் பெருமணல், மேலே போகப் போகப் பொடிமணல், அதற்கும் மேலே களி என்றால், கடல் மெல்ல ஏறி வந்தது என்று அர்த்தம். எண்ணெய் அந்த மணலின் இண்டு இடுக்கில் ஒளிந்திருக்கிறது. களிதான் அதற்கு மூடி. அரை அங்குலம் மண் படிய அந்தக் கடல் எத்தனை தலைமுறை காத்திருக்கிறது என்று நினைத்தால், மனுஷன் படும் அவசரம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்படி வந்த கடலை நான் அரை நிமிஷத்தில் விரட்டிவிட்டேன். என் அடுக்கில் பானை மேலே, மூடி கீழே. அதை நம்பி நீங்கள் திங்கட்கிழமை பேசி, கிணறு வறண்டு போனால், கெடப்போவது உங்கள் பெயர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணம் பேசியாயிற்று, பிறகு குழந்தைகள், பிறகு உங்கள் பதவி உயர்வு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போனது. தயவுசெய்து திங்கட்கிழமைக்குள் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழியை என் தலையில் போடுங்கள். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். இந்த மாதமே அனுப்பினாலும் சந்தோஷம்தான்.

எல்லோரும் நீண்ட ஆயுளோடு, தலை மேலும் கால் கீழுமாக நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை படித்துவிட்டாள். "ஒன்பது வருஷமா திறந்தே பாக்கலையா? நல்ல ஆளு நீங்க!" என்றாள். போனேன், திறந்தேன். எல்லாக் கல்லிலும் சிவப்பு வலப்பக்கம். உள்ளே அன்றைய தேதி போட்டு, உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "கற்கள் தலைகீழாக இருந்தன. திருப்பி அடுக்கிய பிறகே பார்த்தேன். கிடங்குக்காரரிடம் யாரும் கேட்க வேண்டாம், சங்கடப்படுவார். மேல்மாடியில் இருக்கும் அவர் மகளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்."

நானே பார்த்துப் பொறுக்கியெடுத்த மாப்பிள்ளை என்று ஒன்பது வருஷமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன். அத்தையிடம் சொன்னால், "அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சது எனக்கு அப்பவே தெரியுமே" என்கிறாள். சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சங்கடப்படுவாள்.