ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன்

இந்தக் கோடையில், ஈரானிலேயே உயரமான தமாவந்த் உச்சியில் கால் வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். ஐயாயிரத்து அறுநூறு மீட்டர் மலை. எனக்கு ஐம்பத்து நாலு வயசு. முன்னால் தொந்தி, பின்னால் மூட்டைப்பை. இரண்டும் சரிக்குச் சரி எடை என்பதால் கவிழ மாட்டேன் என்று நம்பினேன்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு மலை மேல் ஆசை கிடையாது. வெள்ளிக்கிழமை மேல்தான் ஆசை.

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் சாப்பாடு. மாமியார் தூபா கானும் அற்புதமாகச் சமைப்பார். பொய் சொன்னால் நாக்கு அழுகும். சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த சோற்றுக் காந்தலில் பெரிய துண்டு எனக்குத்தான். ஆனால் அதை மென்று விழுங்குவதற்குள், "மாப்ளே, அந்தச் சரவிளக்கைக் கொஞ்சம் கழட்டித் துடைச்சுத் தர்றீங்களா?" என்று குரல் வரும். அடுத்த வாரம் கம்பளம் உதறணும். அதற்கடுத்த வாரம் குழாய் ஒழுகும். தெஹ்ரான் முழுக்க வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு மட்டும் டூட்டி.

இதிலிருந்து தப்பிக்க எங்கள் ஊரில் ஒரே ஒரு கௌரவமான வழி, மலையேறுவது. மலைக்குப் போகிறவனை மாமியார்கூடக் குறை சொல்ல முடியாது. என் ஆபீஸ் நண்பன் கியூமர்ஸ் ஒரு குழு நடத்துகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு மலை. "தமாவந்த்துக்கு ஒரு தடவை வந்து காட்டு, உன்னை நிரந்தரமாச் சேர்த்துக்கறேன்" என்றான். அப்புறம் ஆயுசுக்கும் என் வெள்ளிக்கிழமை எனக்கே எனக்கு!

விஷயத்தை என் மனைவி மஹ்லகாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமையா? அம்மா வீட்டுச் சாப்பாடு?"

"என்ன செய்யறது மஹ்லகா ஜான்? மலை கூப்பிடுது."

"மலை எதுக்கு உங்களைக் கூப்பிடுது? அதுக்கும் குழாய் ஒழுகுதா?"

"கிண்டல் பண்ணாதே. மனுஷன்னா ஒரு லட்சியம் வேணும்."

வெண்டைக்காய்கள் வேகமாகத் துண்டாயின. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. சமாதானப்படுத்த ஒரு வார்த்தை வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீயும் வாயேன்."

"சரி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் வழக்கம் அப்படியில்லை ஐயா! தர்பூசணிக் கடைக்காரர், "காசு எதுக்கு, உங்களுக்கில்லாததா?" என்பார். அதை நம்பிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே ஓடி வருவார். ஒருத்தர் அழைத்தால் மறுக்கணும். மறுபடி அழைத்தால் மறுபடி மறுக்கணும். மூன்றாவது தடவையும் அழைத்தால்தான் அது நிஜம். தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. இவள் முதல் தடவையிலேயே 'சரி' என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

"இல்லே... குளிரும்."

"ஸ்வெட்டர் இருக்கு."

"ரொம்ப ஏத்தம்."

"லிஃப்ட் ரிப்பேர் ஆகி ஏழு மாசம் ஆச்சு. அஞ்சு மாடி, தினம் ரெண்டு தடவை, ரெண்டு கையிலேயும் காய்கறிப் பை. நீங்க என்ன செஞ்சீங்க? கீழே நின்னு, 'மஹ்லகா, கார் சாவியைப் போடு'ன்னு கத்தினீங்க."

நான் போய் இன்னொரு மூட்டைப்பையைத் தேடினேன்.

வியாழக்கிழமை ஆட்டுப்பட்டி முகாமிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் மேலே சுமந்து போயின. என்னையும் ஒன்றில் ஏற்றுவார்களா என்று ஆசையாகப் பார்த்தேன். கழுதை என் தொந்தியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மஹ்லகா முன்னால் போனாள். நான் பத்தடி நடந்து, இருபது மூச்சு வாங்கி, மறுபடி பத்தடி நடந்தேன். அவள் திரும்பி வந்தாள்.

"கால் வலிக்குதா? உக்காரலாமா?"

"சேச்சே! எனக்கா?"

இங்கே அவள் மறுபடி கேட்டிருக்கணும். நான் மறுபடி மறுத்திருக்கணும். மூன்றாவது தடவை, 'உனக்காக வேணும்னா உக்காரறேன்' என்று பொத்தென்று விழுந்திருப்பேன். அவளோ, "அப்படியா, நல்லது" என்று நடந்துவிட்டாள்.

மூன்றாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் தலைக்குள் யாரோ கம்பளம் உதறிக்கொண்டிருந்தார்கள். மஹ்லகா தன் கழுத்துத் துண்டை எடுத்து என் நெற்றியில் இறுக்கிக் கட்டினாள். சூப் ஊட்டிவிட்டாள். ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளை ஏமாற்றி வெள்ளிக்கிழமையைத் திருடப் பார்த்தோமே என்று எனக்கே அழுகையாக வந்தது.

விடியற்காலையில் எல்லோரும் உச்சிக்குக் கிளம்பினார்கள். கியூமர்ஸ் என் முகத்தைப் பார்த்தான்.

"ஹூஷங், நீ இங்கேயே இரு. இந்தத் தலைவலியோட மேலே போகக்கூடாது."

நான் மஹ்லகாவைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, மிகுந்த தியாகத்தோடு சொன்னேன். "நீ போயிட்டு வா, என் கண்ணே. நான் எப்படியோ தனியா இருந்துக்கறேன்."

'உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்' என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"சரி" என்றாள். "மதியத்துக்கு அரிசியை வேக வச்சுடுங்க. பத்து பேருக்கு."

போய்விட்டாள்!

நாலாயிரம் மீட்டருக்கு மேலே அரிசி வேகாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி அசையவில்லை. நானும் அடுப்பும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உச்சியை மேகம் மூடிவிட்டது. கரண்டியும் கையுமாக வெளியே ஓடி நின்றேன். காது விறைத்துப்போனது. கடவுளே, என் வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள், அவளைத் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். இந்த மாதிரி விஷயங்களில் கடவுள் எவ்வளவு கவனமாகக் காது கொடுப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

மதியம் மேகத்துக்குள்ளிருந்து முதல் ஆளாக ஒரு சிவப்பு ஸ்வெட்டர் இறங்கி வந்தது. மூக்கு சிவந்து, உதடு வெடித்து, முகமெல்லாம் சிரிப்பு. என் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் கல்லை வைத்தாள். உச்சியிலிருக்கும் கந்தகம். அழுகின முட்டை நாற்றம். அதை நான் முத்தமிட்டேன் என்றால் நம்புவீர்களா?

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாயில் ஒவ்வொரு பருக்கையும் நறநறவென்றது.

"ஆஹா, இப்படிச் சோறு தின்னதே இல்லை!" என்றான் கியூமர்ஸ். 

"உங்க கை என்னிக்கும் வலிக்காம இருக்கட்டும்!" என்று நன்றி சொன்னார் இன்னொருவர்.

"வேகலை" என்றாள் மஹ்லகா.

கியூமர்ஸ் அவள் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்தான். "மஹ்லகா கானும், என்ன ஏத்தம், என்ன ஏத்தம்! வாரா வாரம் நீங்க எங்ககூட வரணும்."

அட மடையா! ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான். நான் மஹ்லகாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன், கரண்டியை ஆட்டினேன். பிரயோஜனமில்லை.

"சரி" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஹூஷங் ஜான், நான் வெள்ளிக்கிழமை மலைக்கு வந்துட்டா அம்மா பாவம், தனியாச் சாப்பிடணுமே."

மேகத்தைப் பார்த்துப் பயந்த பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை. மனசு இளகிக் கிடந்தது. "உனக்காக உயிரையே கொடுப்பேன் மஹ்லகா" என்றேன்.

"உயிர் வேண்டாம். வெள்ளிக்கிழமையைக் கொடுங்க, போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மஹ்லகாவின் பங்குக் காந்தலும் என் தட்டில் விழுந்தது. சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்துக்குள், தமாவந்த் உச்சியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண்டாட்டி ஐயா அவள்!

தூபா கானும் என் தட்டில் சோற்றைக் குவித்தார்.

"பாவம் மாப்ளே, அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே மலைமேல ஆசை. உங்ககிட்ட கேக்கத் தயங்கினா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"மாப்ளே ரொம்ப மரியாதை தெரிஞ்சவர். எப்பவாவது ஒரு பேச்சுக்குக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் சட்டுன்னு 'சரி'ன்னு சொல்லிடு, அப்புறம் அவருக்கு ஓடாதுன்னேன்."

எனக்கு விக்கல் எடுத்தது. தாயும் மகளுமாகக் கூட்டுச் சேர்ந்து என்னை மலையேற்றியிருக்கிறார்கள். இனிமேல் வாய் தவறி ஒரு உபசார வார்த்தை வராது என்று அந்தக் காந்தல் மேல் சத்தியம் செய்தேன்.

சாப்பாடு முடிந்தது. வயசான அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தட்டுகளை எடுக்கக் குனிந்தார். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் நான் மனுஷனா? நெஞ்சில் கை தானாகப் போனது.

"ஐயோ, நீங்க உக்காருங்க. நான் இருக்கும்போது நீங்க பாத்திரம் கழுவறதா?"

"சரி மாப்ளே" என்று உட்கார்ந்துவிட்டார்.