கண்மாய்க்குள் நின்ற மாப்பிள்ளை வீட்டு வேன்

அதிகாரிகளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அது எப்படியும் கிடைக்காது என்று நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. கிடைத்துத் தொலைத்தால் தாங்க முடியாது. இந்த ஞானம் எனக்கு என் நிச்சயதார்த்தத்தன்று, ஊர் முன்னிலையில் வந்தது.

சமயநல்லூர் பக்கம் எங்கள் ஊர். ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் நாரைகள் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் கிடக்கும்வரை குஞ்சுகளுக்கு ஆபத்தில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மரத்தடி காய்ந்து நாய்கள் உள்ளே போக ஆரம்பித்தன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு அவற்றுக்குப் பலகாரம். (நான் அப்போது நாகமலை புதுக்கோட்டையில் டீச்சர். பிள்ளைகளைத் திட்டாத நேரமெல்லாம் பைனாகுலரும் கையுமாகக் கண்மாய்க்கரையில்தான் கிடப்பேன்.)

பெரிய கால்வாயிலிருந்து எங்கள் கண்மாய்க்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும், குஞ்சுகள் வளர்ந்து பறந்துவிடும். அதைக் கேட்டு நான் நடந்த நடையில் செருப்புத் தேய்ந்தது. போகும்போதெல்லாம் அதிகாரி "பாப்போம்மா" என்பார். மாட்டேன் என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் கோரிப்பாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. கண்மாய்க்கரைக் கோயிலில் நிச்சயம். எங்கள் தெருவோ ஒரு மாடு திரும்பினால் அடைத்துக்கொள்ளும். வண்டிகளை எங்கே விடுவது என்று அப்பா கையைப் பிசைந்தபோது, யோசனை சொன்ன அறிவாளி நான்தான்.

"கண்மாய்க்குள்ள விடச் சொல்லுங்கப்பா. காஞ்சுதான கெடக்கு."

"தண்ணி கிண்ணி வந்துருச்சுன்னா?"

"எங்கிட்டு வரப்போகுது? நானே கேட்டு அலுத்துப் போயிட்டேன்."

மாப்பிள்ளை வீட்டு வேனும், மாப்பிள்ளையின் தாய்மாமன் புதிதாக வாங்கிய காரும் (பூஜை போட்ட மாலைகூட வாடவில்லை) கண்மாய்க்குள் இறங்கின. நல்ல நேரம் வரட்டும் என்று சீர்த்தட்டுகளை வேனிலேயே விட்டுவிட்டு, டிரைவர் உட்பட எல்லோரும் கோயிலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன் (நடிப்புதான்). அப்போது மடை பார்க்கிற முத்தையா அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

"டீச்சரம்மா! நீங்க கேட்ட தண்ணி வந்துருச்சு! விடியக்காலையே ஷட்டரத் தூக்கிட்டாங்களாம். கண்மாயில வந்து பாருங்க, எம்புட்டுத் தண்ணின்னு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கண்மாயைப் பார்த்தார்கள். வேனுக்குச் சக்கரம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. திறந்து கிடந்த பின்கதவு வழியாகச் சீர்த் தேங்காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து மிதந்தன.

தாய்மாமன் போட்ட சத்தத்தில் நாரைகளே எழும்பிவிட்டு உட்கார்ந்தன.

"நிச்சயம் பண்ண வந்தோமா, தெப்பத் திருவிழா பாக்க வந்தோமா?"

அப்பா பதறிப்போய், "முத்தையா, ஷட்டர எறக்கச் சொல்லுப்பா!" என்றார்.

"எறக்கிரலாம்ணே. எறக்குனா நம்ம முறை போச்சு. தண்ணிய அடுத்த ஊருக்குத் திருப்பிருவாக."

கல்யாணப் பெண் வாயைத் திறக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். ஆனால் அன்று காலையில்தான் ஒரு நாய் குஞ்சைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்திருந்தேன்.

"எறக்காதீங்கண்ணே" என்றேன். அப்பாவின் முகம் செத்துவிட்டது. வாய் அதோடு நிற்கவில்லை. வருங்கால மாமனார் பக்கம் திரும்பி, "குஞ்செல்லாம் கெடக்கு மாமா. இன்னும் பறக்கத் தெரியாது" என்றேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணே, ஊர்ல டிராக்டர் இருக்கா? தண்ணி அதுபாட்டுக்கு வரட்டும். வண்டிய நம்ம இழுத்துருவோம்."

சொல்லிவிட்டு இறங்கினார். அதுவரை போட்டோவில் பார்த்துப் பரவாயில்லை என்று நினைத்திருந்த ஆளை எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போனது. பட்டுப்புடவைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி திரும்பி வந்தவர், கரைக்குப் பக்கத்தில் சேறு வழுக்கி, புடவையோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புடவையைப் பிழிந்துதான் கட்டிக்கொண்டேன். நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் நான் தும்மிக்கொண்டிருப்பேன், இல்லை தும்மப் போவேன். தாய்மாமனின் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே குடியிருந்தது. கல்யாணத்துக்கு பஸ்ஸில் வந்த அவர், அதை மைக்கைப் பிடுங்கிச் சபைக்கு அறிவித்தார்.

குஞ்சுகள் பறந்துவிட்டன. பத்திரிகை வைக்கப் போன வழியில் நானும் மாப்பிள்ளையும் கரையில் நின்று பார்த்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (அவர் தரையைப் பார்த்துக் கவனமாகக் காலை வைத்தார்.)

இப்போதெல்லாம் வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் பார்க்கப் போனால், மாமனார் வாடகை கேட்பதில்லை, சாப்பாட்டுக் கூடத்தைப் பார்ப்பதில்லை. மேனேஜரைத் தனியாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

"தம்பி, இங்கன அக்கம்பக்கத்துல நாரை கீரை ஏதும் குஞ்சு பொரிச்சிருக்கா? எம் மருமகளுக்குத் தெரியிறதுக்குள்ள சொல்லிருங்க."