லெப்டின் படித்த ஜெராக்ஸ்காரர்

உலகத்தில் டாக்டருக்குப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். படிக்காமலே டாக்டர் ஆனவர்கள் ஏராளம். இரண்டாம் வகையில் ஒருவரையாவது உங்களுக்குக் கட்டாயம் தெரியும். அடுத்தவர் கையில் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கண்டால் இவருக்குக் கை துறுதுறுக்கும். வாங்கிப் பார்ப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், மூக்குக்கு இறக்குவார், "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்"மில் எதிரே நிற்பவருடைய ரத்த அழுத்தம் இருபது புள்ளி ஏறிவிடும். பிறகு, "பயப்படாதீங்க" என்பார். மிச்சமும் ஏறும்.

நம்மவர் பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இருபது வருடமாக, படிக்காமல் ஒரு ரிப்போர்ட்டையும் அவர் மெஷினில் வைத்ததில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற சொல்லைச் சொந்தத் தங்கச்சி பேர் மாதிரி வாஞ்சையோடு உச்சரிப்பார். பக்கத்து மேசையில் புத்தகம் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி தலை நிமிர்வதில்லை.

ஒரு நாள் பயிற்சி டாக்டர் ஒருத்தி முப்பது பக்கக் கட்டுரையைப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். நாட்பட்ட சிறுநீரக நோயில் கொழுப்புத் திசுவின் ஹார்மோன்கள் என்ன செய்கின்றன என்பது விஷயம். நம்மவர் தனக்கும் ஒரு பிரதி போட்டுக்கொண்டார். பதினொன்றாம் பக்கத்தில் மை தீர்ந்தது. அவருடைய ஞானமும் அங்கேயே நின்றது.

கிடைத்தவரைக்கும் என்ன கிடைத்தது? தொப்பை சும்மா கிடக்கும் சதையல்ல, ஹார்மோன் சுரக்கிறது. அதில் லெப்டின் என்று ஒன்று மூளையிடம் போய், "சாப்பிட்டது போதும்" என்று சொல்லும். வேலை முடிந்த லெப்டினை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்துவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் லெப்டின் தேங்கும். பசி மந்தமாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று அடிபோனெக்டின். பொதுவாக உடம்புக்கு நன்மை செய்யும் நல்ல பிள்ளை, ஆனால் இந்த நோயாளிகளிடம் அதுவும் கூடிக் கிடக்கிறது. ஏன்? பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கும்.

அன்று முதல் நம்மவர் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தி, வயிற்றைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். இளைத்தவருக்கு லெப்டின் தேங்கிவிட்டது. பருத்தவருக்கு லெப்டின் கொட்டுகிறது. தபால்காரர் பையை முன்னால் மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

பஸ் டிரைவர் ஒருவர் மாட்டினார். பல மாதமாகச் சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்.

"பசியே இல்லண்ணே."

"உங்க மூளை போதும்னு சொல்லுது. அதை எதிர்த்துச் சாப்பிடலாமா? ரெண்டு வேளையை நிறுத்துங்க. தொப்பை கரையும், ஹார்மோன் அடங்கும்."

டிரைவர் நம்பினார். மூன்றாவது வாரம், டிப்போவில் பஸ் படியில் கால் வைத்தவர் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, வண்டி கிளம்பியிருக்கவில்லை. சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா திட்டித் தீர்த்ததும் அவர் நேரே கடைக்குச் சண்டைக்கு வந்தார். நம்மவர் மை வாங்கப் போயிருந்தார். மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"இவர் பேச்சைக் கேட்டு உங்களுக்கு இப்படி ஆகிப்போச்சே, மன்னிச்சுக்குங்க தம்பி. ஒரு உதவி பண்ணணும். இவருக்கு ஒரு மாசமா கால் வீங்குது. கெஞ்சிக் கூத்தாடி ரத்தமும் சிறுநீரும் டெஸ்டுக்குக் குடுக்க வச்சேன். ரிப்போர்ட் வந்து மூணு நாளாச்சு. நீட்டினா, 'நான் கல்லு மாதிரி இருக்கேன்'னு மூஞ்சியைத் திருப்பிக்கிறார்."

இந்த இனத்தின் முக்கிய அடையாளம் இது, குறித்துக்கொள்ளுங்கள்: ஊரார் ரிப்போர்ட்டை எல்லாம் படிப்பார், தன்னுடையதைத் தவிர.

மறுநாள் டிரைவர், பெயர் இருந்த மேல்பகுதியை மடித்து, ஒரு தாளை நீட்டினார். "தெரிஞ்சவர் ஒருத்தரோடது."

கண்ணாடி ஏறி இறங்கியது. வரிசையில் நின்ற நாலு பேரும் காதைத் தீட்டினார்கள். "கிரியேட்டினின் ரெண்டு புள்ளி ஒண்ணு. ஒண்ணேகாலுக்குள்ள இருக்கணும். சிறுநீர்ல புரதம் வேற போகுது. ஆளுக்குத் தொப்பை உண்டா?"

"உண்டு. உங்க அளவுக்கு இருக்கும்."

"கால் வீங்குமே?"

"வீங்குது."

"அப்பவே டாக்டரைப் பாத்திருக்கணும். இப்படியும் ஒரு முட்டாளா? வீட்டுல யாரும் எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றாள் மனைவி, தைப்பதை நிறுத்தாமல். "அந்த ஆளு கேக்கல."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. நம்மவர் மடிப்பைப் பிரித்தார். "பேரு தப்பா அடிச்சிருப்பாங்களோ," என்றார். கொஞ்சம் கழித்து, "வயசும் சரியா இருக்கே," என்றார். ஸ்டூலைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

சிரிக்க வேண்டும் என்றுதான் டிரைவர் வந்திருந்தார். சிரிப்பு வரவில்லை. "எந்திரிங்கண்ணே, எதிர்லதானே இருக்கு, நானும் வரேன்," என்று கையைப் பிடித்தார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து முடித்ததும் நம்மவர் கேட்டது ஒன்றுதான். "லெப்டின் எவ்வளவு ஏறியிருக்கும் டாக்டரம்மா?"

"அதை ஆராய்ச்சி பண்றவங்க பாத்துப்பாங்க. நீங்க உப்பைக் குறைங்க, பிரஷர் மாத்திரை எழுதித் தரேன், விடாதீங்க. எடையை நாங்க சொல்றபடி மெதுவா இறக்கலாம். பட்டினி கிடக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?" நம்மவருக்குப் பெரிய ஏமாற்றம். வாயில் நுழையாத பேர் ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவையும் செய்யுங்க, பாக்கலாம்."

செய்தார். மனைவி செய்யவைத்தாள் என்பது சரியாக இருக்கும். ஆறு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. கிரியேட்டினின் எண் மேலும் ஏறாமல் நின்றது. அந்தப் பிரிவில் அதுவே நல்ல சேதி. கடையில் முதல் ஒன்பது நாள் தாளைப் பார்க்காமலே பிரதி எடுத்தார். எல்லாம் கோணலாக வந்தன. பத்தாம் நாள் ஒரு பாட்டியிடம், "உப்பு எவ்வளவு போடுறீங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்கு இருந்த இரண்டு நோயும் நாட்பட்டவை. ஒன்றுதான் கட்டுக்குள் வந்தது.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? இதைப் படிக்கத் தொடங்கியபோது உங்களுக்கு லெப்டின் தெரியாது, இப்போது தெரியும். இனி சாப்பிடும்போது உங்கள் மச்சான் "பசியில்லை" என்று தட்டைத் தள்ளினால், வாயைத் திறக்காமல் இருந்துவிடுவீர்களா? சரி, சொல்லிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: போன வருடம் எடுத்த உங்கள் ரிப்போர்ட், உறை பிரிக்காமல், எந்த அலமாரியில் கிடக்கிறது?