ஒரு சொட்டுகூட ஒழுகாத கார்

சாமியிடம் எதைக் கேட்டாலும் யோசித்துக் கேட்க வேண்டும். சில நேரம் நாம் கேட்டதை அப்படியே கொடுத்துவிடும். எனக்குக் கொடுத்தது. அன்றைக்கு நான் எவ்வளவு பெரிய மடையனாக இருந்தேன் என்பதை வீடியோவாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணுக்குக்கூட முதல் வாரமே போட்டுக் காட்டினார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது. வலங்கைமான் பக்கத்தில் சேர், பந்தல் வாடகைக் கடை வைத்திருந்தேன். படிப்பு பத்தாவது, அதுவும் பாஸ் இல்லை. பட்டணத்தில் புதுப்புது கார்களாக வந்து இறங்குகின்றன, இனிமேல் நாடே மாறப்போகிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கு வந்ததெல்லாம் பட்டணத்தில் கழித்துப் போட்டவைதான்.

எங்கள் ஊர் மிராசுதாரின் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பிறகு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிலத்தை விற்றார்கள், மாடுகளை விற்றார்கள், கடைசியில் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த உருண்டை மூக்குக் கறுப்புக் காரையும் விற்றார்கள். அந்தக் கார் சேற்றில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நடவு வயலிலிருந்து ஓடிவந்து தள்ளிவிட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். தள்ளும்போது சேற்றுக் கை கதவில் பட்டுவிட்டது என்று ஏச்சும் வாங்கியிருக்கிறார். ஆகவே அந்தக் காரை நான் வாங்கியதில் ஒரு நியாயம் இருந்தது. வாங்கிய பிறகு நான் நடந்துகொண்டதில் ஒரு நியாயமும் இல்லை.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் வெற்றிலைக் கடைக்குக் காரில் போனேன். (அந்தப் பெட்ரோல் காசுக்கு வெற்றிலைக் கொடிக்காலையே குத்தகைக்கு எடுத்திருக்கலாம்.) முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் ஹாரன் அடித்தேன். ஆடு மேய்க்கிறவர்கள்கூட என்னைப் பார்த்தால் வேறு பாதையில் போனார்கள்.

காரில் எண்ணெய் ஒழுகியது. கொஞ்சம் நஞ்சமல்ல. எஞ்சினுக்கு அடியிலிருந்து ராத்திரி முழுக்கச் சொட்டும். விடிந்தால் வாசலில் பிள்ளை படுத்தெழுந்த மாதிரி ஒரு கறுப்பு வட்டம். என் மனைவி சாந்தி அதன் மேலே சாணி தெளித்துக் கோலம் போடுவாள். அரை மணி நேரத்தில் கோலத்தின் நடுவில் எண்ணெய் மேலே வந்து சிரிக்கும். நான் யார் வீட்டுக்குப் போனேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது ஊருக்கே தெரிந்தது. வட்டத்தின் அகலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் நான் சளைக்கவில்லை. கடையிலிருந்து பெரிய தாம்பாளத்தை எடுத்து வந்து காருக்கு அடியில் வைத்தேன். சேர்ந்த எண்ணெயை சாந்தியின் பழைய புடவையில் வடிகட்டித் திரும்ப எஞ்சினிலேயே ஊற்றினேன். (அந்தத் தாம்பாளம் அதற்குப் பிறகு எத்தனை கல்யாணத்துக்குப் போனது என்று கேட்காதீர்கள்.) சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, "எஞ்சின இறக்கணும். ஒரு வாரம் வண்டிய என்கிட்ட வுடுங்க" என்றார். ஒரு வாரம் கார் இல்லாமலா! வெற்றிலைக் கடைக்கு நடந்தா போவேன்?

"முடியாதுங்க. மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது" என்றேன்.

அதுதான் விஷயம். என் மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தோம். மாமா ரைஸ் மில்லில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர். சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு லூசு என்று சொல்லிவிடுவார். முந்தைய வருஷம் அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்து, குரலே போய்விடுமோ என்று எல்லாரும் பயந்துபோனோம். கடைசியில் கெட்ட கட்டி இல்லை என்று ஆனது. அதற்கு மாமா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அறுபதாம் கல்யாணத்தன்று எழுந்ததிலிருந்து அத்தை கழுத்தில் தாலி கட்டும் வரைக்கும் பேச மாட்டார். முதல் வார்த்தை அபிராமி சந்நிதியில் அம்பாள் பெயராகத்தான் இருக்க வேண்டும். குரலைக் கொடுத்தவளுக்கு அந்தக் குரலால் முதல் மரியாதை. நடுவில் ஒரு வார்த்தை தவறி வந்தாலும் வேண்டுதல் போச்சு. மாமாவுக்கு அது உயிருக்குச் சமானம்.

என் சகலை துபாயிலிருந்து வந்திருந்தார். சாந்தியின் அக்காள் புருஷன். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். புது வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

"தம்பி, மாமாவையும் அத்தையையும் வேன்ல அனுப்பிருங்க. ஏசி வண்டி. உங்க கார் அங்கங்க கோலம் போடுதாமே?"

"அண்ணே, மாமா என் கார்லதான் வருவாரு" என்றேன். மிராசுதார் உட்கார்ந்த சீட்டில் என் மாமனாரை உட்கார வைக்காவிட்டால் நான் எதற்குக் கார் வாங்கினேன்?

கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டிக்கு அடியில் படுத்தேன். எண்ணெய் வழியும் நட்டைச் சுற்றிலும் துணி சோப்பைப் பிசைந்து அப்பினேன். பெட்ரோல் டேங்க் ஓட்டையானால் சோப்பு வைத்து அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சினில் சோப்பு என்ன ஆகும் என்று யோசிக்க மூளை வேண்டும். பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம் போய், "அப்பா, திருக்கடையூர்ல காரை நிறுத்தும்போது ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாது. ஒழுகலன்னா உனக்குத் தேங்காய் உடைக்கிறேன்" என்று கும்பிட்டேன். சகலை முன்னால் ஒழுகிவிடக் கூடாது. அதுதான் என் பக்தி.

காரைச் சுத்தமாகத் துடைத்து அலங்காரமும் செய்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி உண்டு. அது எதற்கென்று எனக்குத் தெரியாது. அது எரிந்து பார்த்ததும் இல்லை. (சாவி போடும்போது எரியுமாம். நான் அந்த நேரத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.) கச்சிதமாக, வட்டமாக இருக்கிறதே என்று காலண்டரிலிருந்து அபிராமி அம்மன் படத்தை வெட்டி அதன் மேலே ஒட்டினேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். முன் சீட்டில் மாமா, பட்டு வேட்டி, விபூதி, இறுக மூடிய வாய். பின்னால் அத்தையும் சாந்தியும். வேன் எங்களுக்கு முன்னால் போய்விட்டது. அதைப் பிடிக்கிறேன் என்று கும்பகோணம் தாண்டி நான் மிதித்த மிதியில் சோப்பெல்லாம் உருகி, பின்னால் ரோட்டுக்குக் கறுப்பு வகிடு எடுத்துக்கொண்டே போயிருக்கிறேன். எனக்குத் தெரியாது. நான் முன்னாலே பார்த்து ஓட்டுகிறவன்.

மயிலாடுதுறையில் டீக்கடையில் நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை!

"சாந்தி! இங்க வந்து பாரு! பிள்ளையார் அடைச்சிட்டாரு!"

"எண்ணெய் ஊத்திக்கிட்டீங்களா?" என்றாள்.

"ஒழுகுனாதானே ஊத்தணும்?" என்றேன். எண்ணெய் டப்பா டிக்கியில் சீர்வரிசைத் தட்டுகளுக்கு அடியில் இருந்தது. எடுத்தால் என் பட்டு வேட்டி அழுக்காகும்.

செம்பனார்கோவில் தாண்டியபோது பனி இன்னும் விலகவில்லை. திடீரென்று அம்மன் படம் சிவந்தது. முதலில் மினுக் மினுக் என்று, அப்புறம் நிலையாக. தாளுக்குப் பின்னாலிருந்து அம்மன் முகம் செக்கச்செவேல் என்று ஜொலித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அத்தை! பாருங்க! அம்மன் வந்துட்டா!"

அத்தை பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தாயே! அபிராமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் போட்டுக்கொண்டேன்.

மாமா மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் பிதுங்கியது. அம்மன் படத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டினார்.

"பாத்தேன் மாமா, பாத்தேன்! எல்லாம் உங்க விரதத்தோட மகிமை!"

மாமா உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நிறுத்து என்கிறார். நான் ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையைக் குனிந்து கொடுத்தேன். (ஓட்டிக்கொண்டேதான்.) பிறகு செம்பைக் கவிழ்ப்பது போலக் கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"என்ன சொல்றாரு அத்தை?" என்றேன்.

"கலச அபிஷேகத்தைச் சொல்றாருப்பா. தலையில தண்ணி ஊத்துவாங்கல்ல? நேரமாச்சு, சீக்கிரம் போங்கிறாரு" என்று அத்தை விளக்கினார். முப்பத்தைந்து வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவர் சொன்னால் தப்பாகவா இருக்கும்? இன்னும் மிதித்தேன்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். எழுதிக் காட்டலாமென்றால் அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். வாய் இரண்டு தடவை திறந்தது. இரண்டு தடவையும் கையால் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரவசம் என்று நினைத்தேன். கடைசியில் அவர் சாவியைப் பிடுங்கக் கையை நீட்டினார். அதற்குள் எஞ்சின் அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம். பிறகு கிறீச் என்று ஒரு அலறல். வண்டி நின்றுவிட்டது.

நின்ற இடம் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லின் மேலே. பரப்பிக்கொண்டிருந்த அம்மா பலகையோடு ஓடிவந்தார்.

"இந்தா, பட்டு வேட்டி! அவ்வளவு பெரிய ரோட்டுல எங்க நெல்லுதான் கெடச்சுதா நிறுத்த? எண்ணெ கிண்ணெ ஒழுகிச்சு, நடக்கறதே வேற!"

"ஒரு சொட்டு ஒழுகாதும்மா! அம்மன் அருள்ல நின்னுபோச்சு. வேணும்னா குனிஞ்சு பாருங்க" என்றேன். அந்த நிலைமையிலும் பெருமை.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "ஆமா, காஞ்சு கெடக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

சாந்தி காரை விட்டு இறங்கி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, ஒழுகறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாதானே ஒழுகும்?"

மாமா இரண்டு கையையும் மேலே தூக்கி, ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டார். அன்று காலையிலிருந்து அவர் சொல்ல நினைத்ததை ஒரு ஜீவன் சொல்லிவிட்டது.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. அத்தை ரோட்டோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். நெல்லுக்காரம்மாவின் கோபம் அதைப் பார்த்ததும் திசை மாறிவிட்டது.

"அறுபதாங் கல்யாணமா? அத மொதல்ல சொல்றதில்ல?" என்று என்னைத் திட்டிவிட்டு, கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தன் புருஷனின் டிராக்டரை நிறுத்தினார். நெல் மூட்டைகளின் மேலே வைக்கோலைப் போட்டு மாமாவையும் அத்தையையும் சாந்தியையும் ஏற்றினார். "நீயும் ஏறு. ஆனா எதையும் தொடாத" என்றார் என்னிடம்.

மிராசுதார் சீட்டில் உட்காரப் புறப்பட்ட என் மாமனார், நெல் மூட்டை மேலே வைக்கோலும் விபூதியுமாகத் திருக்கடையூர் சந்நிதித் தெருவில் போய் இறங்கினார். வாசலில் சகலை, பக்கத்தில் வீடியோக்காரர். எங்களைக் கண்டதும் சகலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"தம்பி, கார் எங்க?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வீடியோக்காரரிடம், "டிராக்டர நல்லா கவர் பண்ணுங்க" என்றார்.

உள்ளே பிராகாரம் முழுக்க மாலை போட்ட கிழவர், கிழவி ஜோடிகள். எங்கள் குருக்கள் பதற்றத்தோடு காத்திருந்தார். அபிஷேகம் நடந்தது. மாமா வாயைத் திறக்கவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருக்கும்போது அத்தை கழுத்தில் தாலி ஏறியது. எல்லார் கண்ணும் கலங்கியது. எனக்கும்தான், நிஜமாகவே.

அம்பாள் சந்நிதிக்குப் போனோம். குருக்கள் தீபாராதனை காட்டிவிட்டு, "வாயைத் திறந்து அம்பாள் பேரைச் சொல்லுங்கோ. விரதம் பூர்த்தி" என்றார்.

வீடியோ லைட் மாமா முகத்தில் விழுந்தது. "அபிராமி" என்றார் மாமா. கணீரென்று, நடுக்கமில்லாமல். வேண்டுதல் நிறைவேறிவிட்டது. பிறகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, கூப்பிய கையைப் பிரிக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"டேய், அது ஆயில் லைட்டுடா!"

பக்கத்து ஜோடிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குருக்கள் தட்டோடு சிரித்துக் குலுங்கினார். கல்யாணமான நாளிலிருந்து "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்றவர், அன்றைக்கு "டா" போட்டவர்தான். அதற்குப் பிறகு அந்த "ங்க" எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. சாகும்வரை டாதான். அவர் கடைசிக் காலத்தில் என்னை மட்டும் அடையாளம் தெரிந்து "வாடா" என்றபோது, அதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம் என்று இருந்தது.

ஊருக்கு வந்ததும் சாந்தி ஒரு கூடைத் தேங்காயை என் முன்னால் வைத்தாள். "ஒழுகக் கூடாதுன்னீங்க. ஒழுகல. பிள்ளையார் சொன்னதைச் செஞ்சிட்டாரு. போய் உடைங்க." கார் திருக்கடையூருக்குப் போய்ச் சேரவே இல்லையே என்று வாதாடலாமா என்று பார்த்தேன். பிறகு பயந்து உடைத்தேன். கார் எஞ்சினே போய் வருஷக்கணக்கில் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. அவருடைய கோழிகள் அதில் முட்டையிட்டன.

என் மகன் இப்போது கனடாவில் இருக்கிறான். அவன் காரில் நாற்பது விளக்கு இருக்கும் போலிருக்கிறது. டயரில் காற்று குறைந்தாலும், பெல்ட் போட மறந்தாலும் ஏதாவது ஒன்று எரியும். உடனே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போடுவான். "அப்பா, அம்மன் வந்திருக்கா. கன்னத்துல போட்டுக்குங்க."

நானும் போட்டுக்கொள்கிறேன். அவள் எதில் வருவாள் என்று எனக்கென்ன தெரியும்? போட்டுக்கொண்ட கையோடு அவனைக் கூப்பிட்டு, "முதல்ல வண்டிய ஓரங்கட்டுடா" என்கிறேன்.