செண்பகம் செத்தால் தொண்ணூற்றாறு

முப்பத்தெட்டு சதவீதம். பகவதியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்தேழு.

“ஏட்டி முத்துக்கனி, பாத்துட்டு இருக்கும்போதே ஒரு மார்க்கு கொறச்சிட்டான்!”

“நல்லா எழுதினா ஏன் கொறைக்கான்?” என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

பூதப்பாண்டியில் அந்த 2012ஆம் வருடம் கரண்டு போகும் நேரம்தான் அவர் எழுதும் நேரம். அப்போதுதான் டிவி வாயை மூடும். பஸ் டெப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாக ஒரு நாவல் மனசில் கிடந்தது. சார்ஜாவிலிருந்து வந்த தங்கை மகன் சத்தியராஜ், நாவல் எழுதும் சாஃப்ட்வேர் ஏற்றிய லேப்டாப்பைக் கொடுத்து, “கதை எப்படிப் போவுதுன்னு இதுவே காட்டும் மாமா” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். திரையின் கீழ் மூலையில் சதவீதம் தெரிந்தது. மார்க்கு இல்லாமல் வேறென்ன?

கதாநாயகி செண்பகம் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாங்குவதை நாலு பக்கம் எழுதியிருந்தார். செண்பகம் என்பது முத்துக்கனிதான். அதை அவள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நாலு பக்கத்தையும் வெட்டினார். முப்பத்தொன்று. ஆத்திரத்தில் செண்பகத்தின் அப்பாவைக் கிணற்றில் தள்ளினார். அந்த நேரம் கரண்டு வந்தது. சீரியல் பார்க்கப் போனார். திரும்பி வந்தால், எழுபத்திரண்டு!

“ஆளு செத்தாத்தான் மார்க்கு போடுகான்!”

மறுநாள் கரண்டு போனதும் செண்பகத்துக்குக் கல்யாணம் எழுதினார். தாலி கட்டுவதற்குள் நாற்பதாகிவிட்டது. மாப்பிள்ளையை லாரியில் அடிபட வைத்துவிட்டு, கரண்டு வந்ததும் சீரியலுக்குப் போனார். எண்பத்தெட்டு. அந்த வாரத்திலேயே தாய்மாமன், பூசாரி, பால்காரர் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது செண்பகம் ஒருத்திதான்.

அவளைப் பாம்பு கடித்தது. சீரியல் முடிந்து வந்து பார்த்தால், தொண்ணூற்றாறு.

“என்னையக் கொன்னுட்டியளா?” முத்துக்கனி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

“கதைக்குத் தேவைப்பட்டுது.”

“என்ன பாம்பு?”

“தண்ணிப்பாம்பு.”

“தண்ணிப்பாம்புக்கு விஷமே கெடையாது! ஒரு ராஜநாகத்துக்குக்கூட எனக்கு வக்கில்லையா?”

அன்று மீன்குழம்பு இல்லை. மறுநாள் வெறுஞ்சோறு. மூன்றாம் நாள் கரண்டு இல்லாத மத்தியானத்தில் செண்பகத்தைப் பிழைக்க வைத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பதற்குள் ஐம்பத்துநாலு.

“ஒனக்கு உசுரு வந்தா எனக்கு மார்க்கு போவுது. நான் என்னத்தச் செய்ய?”

“நான் இருக்கக் கூடாதுன்னா அதுல ஒருத்தரும் இருக்கண்டாம். எல்லாத்தையும் அழிச்சிருங்கோ.”

அழித்தார். கடைசி அத்தியாயத்திலிருந்து ஒவ்வொரு வரியாக, கண்ணில் நீரோடு. பாதியில் கரண்டு வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு. கடைசியாகச் செண்பகத்தின் பெயரையும் அழித்தார். ஒரு எழுத்துகூட இல்லாத வெள்ளைப் பக்கம்.

நூறு!

உடனே சேமித்துக்கொண்டார். “முத்துக்கனி, ஓடி வா! முழு மார்க்கு!”

அவள் ஓடி வந்தாள். பதினைந்து வருட உழைப்பின் உச்சத்தை இருவரும் கைகோத்து நின்று பார்த்தார்கள். அதே அறையில், இன்வெர்ட்டர் மாட்ட வந்திருந்த எலக்ட்ரீஷியன் மரியானும் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நூறாயிட்டுல்லா அண்ணாச்சி? அப்பம் சார்ஜரக் கழத்துங்க, எனக்கு டிரில்லு மாட்டணும்.”